நெவெங்காவின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு

அத்தியாயம் பதினொன்று

பேத்தி துன்யாவின் பள்ளிப்பையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஆறு நாள் ஆகியிருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கறுப்பு அட்டை. எழுதியவர் பெயர் நெ. பெர்சிதின் என்று இருந்தது. எங்கள் பக்கம் அப்படி ஒரு குடும்பப் பெயர் கிடையாது. பெர்சிதாவின் பிள்ளை என்று பொருள் வரும்படி யாரோ உண்டாக்கிக்கொண்ட பெயர். பெர்சிதா என் மனைவி. அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவள் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் என் மகன் திஹோமிர். வியன்னாவில் லாரி ஓட்டுகிறான். கையெழுத்துப் போடவே அலுத்துக்கொள்பவன். இன்னொருத்தி நெவெங்கா.

நெவெங்காவைப் பற்றி இந்த வீட்டில் பதினெட்டு வருடமாகப் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனவள். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் முற்றத்தில் வந்து நின்று காரணம் கேட்டார்கள். எனக்கே தெரியாத காரணத்தை நான் எப்படிச் சொல்வது? "எனக்கு மகள் இல்லை. செத்துப்போனாள்" என்றேன். ஊர் கேட்டது. தோதிச் குடும்பத்தில் ஒரு வார்த்தையை ஒருமுறைதான் சொல்வோம். அதைத் திருப்பி வாங்கும் வழக்கம் என் தகப்பனாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே புத்தகத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

இன்று இறந்தோர் சனிக்கிழமை. நவம்பர் மூடுபனி மிளாவா ஆற்றிலிருந்து எழுந்து எங்கள் தோட்டம் வரை வந்திருந்தது. சமையலறையில் மருமகள் ஸோர்கா கல்லறைக்குக் கொண்டுபோகும் கோதுமையை வேகவைத்து, வால்நட் பொடியும் சர்க்கரையும் கலந்து பிசைந்துகொண்டிருந்தாள். பதினாலு வயது துன்யா அதை நடுநடுவே எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸோர்கா எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். நல்ல வேலைக்காரி. ஒரே குறை, வட்டார வார இதழில் இரண்டு வருடமாக 'ஒரு வாசகியின் கருத்து' என்று ஒரு பத்தி எழுதுகிறாள். அதிலும் பேய்க்கதை நாவல்கள் மட்டும். ரத்தக்காட்டேரியின் கல்லறை எங்கே என்று கேட்டுக்கொண்டு வெளியூர்க்காரர்கள் கேமராவோடு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சுற்றுவது போதாது என்று, எங்கள் குடும்பப் பெயரும் அந்தச் சங்கதியில் சேர வேண்டுமா? முழுப் பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஸோ. தோ. என்று போடுகிறாள். ஊரில் வேறு ஸோ. தோ. யாரும் இல்லை. அந்தப் பத்தியை நான் படிப்பதில்லை.

"அம்மா, போன மாசம் பெரியவங்க அலமாரியில வச்சியே, உப்புக் கிடங்கு கதை, அதைப் படிச்சேன்" என்றாள் துன்யா. "இருநூறு பக்கம் புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போடறாங்க. அப்புறம்தான் பேய் வருது. வந்ததும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"அந்தச் சண்டைதான்டி பயமே. நாப்பது வயசுல திரும்பப் படி."

"நாப்பது வயசு வரைக்கும் பேய் காத்திட்டு இருக்குமா?"

"உங்க புத்தகத்துல மட்டும் என்ன வாழுது? பயம் எப்பவும் வெளியில இருந்து வரும். காட்டுல இருந்து, கிணத்துல இருந்து. நாலு பசங்க சேர்ந்து டார்ச் எடுத்துக்கிட்டுப் போயி அதை முடிச்சுக் கட்டிடுவாங்க. பெரியவங்க புத்தகத்துல அது ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்து மேஜையில உக்காந்திருக்கு. அந்த ரொட்டியை இப்படித் தள்ளுங்குது."

நான் அப்போதுதான் ரொட்டி கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

துன்யா யோசித்தாள். "இல்லம்மா. நீ தப்பா சொல்ற. எங்க புத்தகத்துல என்ன பயம்னா, நாம சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்க. உங்க புத்தகத்துல என்ன பயம்னா, அன்னிக்கே கேட்டிருக்கலாமோன்னு."

ஸோர்கா கரண்டியை வைத்துவிட்டாள். "இதை அடுத்த வாரம் நான் எழுதிக்கறேன்."

"என் பேரைப் போடணும்."

"இனிஷியல்தான். தாத்தா சட்டம்."

"இறந்தவர்களுக்கு உரிய நாள் இது" என்றேன். "மெழுகுவர்த்தி எடுத்தாச்சா?"

எடுத்தாச்சு என்றார்கள். ஆனால் ஸோர்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டினாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

*

எங்கள் கல்லறைத் தோட்டம் அன்று சந்தை போல இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் துணி விரித்து, பண்டம் வைத்து, அடுத்த கல்லுக்காரரை அழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் வரிசை வரிசையாக வந்து மண்ணில் ஒயினைத் தெளித்து ஜெபித்துவிட்டுப் போனார். எல்லாம் முறைப்படி நடந்தது.

முறை தவறியது எங்கள் கல்லின் முன்னால்தான். கூட்டம் அதிகமாக இருந்தது.

பெர்சிதாவுக்காக நான் எழுப்பிய கல் கறுப்பு கிரானைட். அதில் மூன்று பெயர்கள். பெர்சிதாவின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அடுத்து என் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. உயிரோடு இருக்கும்போதே தன் பெயரை வெட்டி வைத்துக்கொள்வது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. கோட்டுக்குப் பிறகான இடம் பின்னால் நிரப்பப்படும். மூன்றாவதாக, நெவெங்கா தோதிச், 1983, கோடு.

அந்த மூன்றாவது பெயரை வெட்டச் சொன்னவன் நான். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு சிறுமிகள் அந்தப் பெயரைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒருத்தி கோட்டுக்குப் பிறகு இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டு விதவை மிலுங்கா ஒரு தட்டு பணியாரத்தோடு வந்தாள். அவள் வரும்போது பணியாரம் ஒரு சாக்குதான்.

"ராதிசாவ் அண்ணே, பேப்பர்ல உங்க கல்லு வந்திருக்கே."

"எந்தக் கல்?"

"இதோ நிக்குதே, இதுதான். கறுப்பு கிரானைட்டு, மூணு பேரு, மூணாவதுக்கு அப்புறம் வெறும் கோடு. நேத்து வந்த பேப்பர். உங்க மருமக நல்லாத்தான் எழுதறா, குறை சொல்லக் கூடாது. படிச்சிட்டு எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு." தட்டை நீட்டினாள். "கேக்கணும்னு நெனச்சேன். அந்தப் புத்தகத்துல வர்ற அப்பன் நீங்கதானா?"

"நான் பேப்பர் படிக்கல, மிலுங்கா."

"படிக்காமயா இருக்கீங்க? ஊரே படிச்சிட்டுத்தான் நிக்குது. அப்ப எழுதினது நம்ம நெவெங்காதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

பணியாரம் ஒன்று எடுத்துக்கொண்டேன். மறுத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். திரும்பி ஸோர்காவைப் பார்த்தேன். அவள் மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றுவதிலேயே கவனமாக இருந்தாள். துன்யா மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

நாற்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் இருந்தவன் நான். அதில் பதினாறு வருடம் தலைமை. இந்த ஊரில் ஒவ்வொருவர் வேலியும் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னவன். என் குடும்பக் கல்லைச் சிறுமிகள் வந்து தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பெயரை அன்றே எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

கல்வெட்டுகிற ப்லாகோயெ மூன்று வரிசை தள்ளி, தன் அண்ணனின் கல்லறைக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு குவளை ராக்கியாச் சாராயத்தை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தான். முடிக்கும்வரை நின்றேன்.

"ஒரு பெயரை எடுக்கணும்."

"யாரு பேரை சார்?"

"மூணாவது."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "எடுக்கலாம். கிரானைட்ல எடுத்தா பள்ளம் விழும். அந்த ஓரத்துல ஒண்ணு அப்படிச் செஞ்சிருக்கேன், இருபது வருஷம் ஆச்சு. இன்னிக்கும் வர்றவங்க முதல்ல பள்ளத்தைத்தான் பாக்கறாங்க. அதுல யாரு பேரு இருந்துச்சுன்னு இந்த ஊர்ல தெரியாதவன் கிடையாது."

"திங்கட்கிழமை வா."

"வர்றேன். நீங்க சொன்னா வராம இருப்பேனா?" சற்றுத் தயங்கினான். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன் சார். அவ என்கிட்ட வந்தா."

"யார்?"

"உங்க பொண்ணுதான். மூணு வருஷம் முன்னாடி. வீட்டம்மாவோட முதல் வருஷ நினைவு நாள் அன்னிக்கு. நீங்கல்லாம் போனதுக்கு அப்புறமா வந்து கல்லைப் பாத்திருக்கா. அங்கேருந்து நேரா என் பட்டறைக்கு வந்தா. மூஞ்சி வெளுத்துப்போயிருந்துச்சு. என் பேரை வெட்டினது ஏதாவது தப்பான்னு கேட்டா. தப்பெல்லாம் இல்லம்மா, உங்கப்பா பக்கத்துலயே நின்னு எழுத்து எழுத்தா சரிபாத்தாருன்னேன்."

எங்கள் கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கோவமா இருந்தாரான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலையேம்மா, அவரு எப்பவும் போலத்தான் இருந்தாருன்னேன்."

பாதிரியார் பக்கத்து வரிசையில் ஜெபத்தை ஆரம்பித்திருந்தார். நாங்கள் இருவரும் தொப்பியைக் கழற்றினோம்.

"அப்புறம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்புறம் குடிக்கத் தண்ணி கேட்டா. குடிச்சா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா."

"இதை ஏன் இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்" என்றான் ப்லாகோயெ. "நீங்க கேக்காம உங்ககிட்ட யாரு என்ன சொல்லியிருக்கா?"

*

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். தட்டுகளை எடுத்த பிறகு, "பேப்பரைக் கொண்டா" என்றேன்.

ஸோர்கா அதை அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குக் கீழே வைத்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'பேய்க்கதைகளைப் பதிப்பகத்தார் வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்றால் ரத்தம் குறைவு, பக்கம் குறைவு, கடைசியில் விடிந்துவிடும். பெரியவர்களுக்கு என்றால் ரத்தம் வாளி வாளியாக. இரண்டுமே எனக்கு அலுத்துவிட்டது. வாளி ரத்தத்தை விட, சாத்திய ஒரு கதவைச் சரியாக வர்ணிப்பவரிடம்தான் எனக்குப் பயம்.

இந்த நாவல் பிள்ளைகளுக்கானது என்று அட்டையில் போட்டிருக்கிறது. நான் ஒரு பிரதியைப் பிள்ளைகள் அலமாரியிலும் ஒன்றைப் பெரியவர்கள் அலமாரியிலும் வைத்திருக்கிறேன். பதினாறு வயது ஈவா தன் தாயின் கல்லறைக்கு வருகிறாள். கறுப்புக் கல்லில் மூன்றாவதாகத் தன் பெயர் வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவளிடமிருந்து ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் அவள் குரலுக்கு நாய் திரும்புவதில்லை. பிறகு கண்ணாடியில் மூச்சு படிவதில்லை. எண்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒரு வாசகியாக ஒரு விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரை வெட்டியது தகப்பன். மகளைச் சபிக்க வெட்டினான் என்கிறது கதை. இந்தத் தகப்பனை நான் நம்பவில்லை. மகளை வேண்டாம் என்று நினைக்கிறவன் அவள் பெயரைக் கல்லில் வெட்ட மாட்டான். வெட்டாமல் விட்டுவிடுவான். அதற்குச் செலவும் இல்லை, சிரமமும் இல்லை. ஆசிரியர் இந்த ஒரு கதவை மட்டும் திறந்து பார்க்காமல் கடந்து போய்விட்டார் என்று நினைக்கிறேன். திறந்தால் உள்ளே இருப்பது என்ன என்று அவருக்கு இன்னும் பயம் போலிருக்கிறது.'

இரண்டு முறை படித்தேன். பேப்பரை மடித்து வைத்தேன்.

"நம்ம கல்லை ஊருக்குக் காட்டிட்ட."

"புத்தகத்துல இருக்கற கல்லைத்தான் மாமா எழுதினேன். ஊருக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியமே இல்ல. வருஷத்துக்கு நாலு தடவை எல்லாரும் அது முன்னாடிதான் நடந்து போறாங்க."

"என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா எழுத விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். ஆகவே அதற்குப் பதில் சொல்லவில்லை.

"முதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் ஸோர்கா. மேஜைத் துணியில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவினாள். "செத்துப்போனான்னு சொன்னீங்க, அதைக் கல்லுலயும் போட்டுட்டீங்கன்னு. திஹோமிர் அன்னிக்கு ராத்திரி அழுதாரு, உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எனக்கு வேற கோவம். பதினாறு வருஷமா இந்த வீட்டுல சமைக்கறேன், என் பேரு அந்தக் கல்லுல இல்ல. ஓடிப்போனவ பேரு இருக்கு. அந்தக் கோவத்துல யோசிச்சிட்டே இருந்தப்பதான் புரிஞ்சது, இது திட்டினது இல்லைன்னு."

"உனக்கும் அவனுக்கும் பக்கத்து மனை. பத்திரம் உள்ள பெட்டியில இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "சொல்லியிருக்கலாமே மாமா."

"செத்தா உனக்கு இடம் பாத்து வச்சிருக்கேன்னு மருமககிட்ட எப்படிச் சொல்றது?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. துன்யா கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள்.

"அந்தப் புத்தகத்தைக் கொண்டா" என்றேன் கதவைப் பார்த்து.

*

தெருவைப் பார்த்த அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே நான் தினமும் நாலு மணிக்கு உட்காருவேன். நாலு பத்துக்கு நோவி சாத் நகரத்திலிருந்து வரும் பேருந்து எங்கள் முனையில் நின்று போகும். பேருந்துக்காக உட்காருவதில்லை. அந்த நேரத்தில் அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.

பேய்க்கதை படிப்பது எனக்கு இதுவே முதல் தடவை. மோசமான எழுத்தாக இருக்கும், பாதியில் வைத்துவிடலாம் என்று எதிர்பார்த்தேன். வைக்க முடியவில்லை. ஈவா வளர்ந்த வீட்டில் மாடிப்படியில் ஏழாவது படி முனகும். எங்கள் படியில் ஏழாவதுதான் முனகும். ஈவாவின் தாய் தக்காளி ஜாடிகளின் மூடியில் வருடத்தை எழுதாமல், அந்த வருடம் நடந்த ஒரு விஷயத்தை எழுதுவாள். 'பனி பெய்த மே', 'நெவெங்கா பல் விழுந்தது' என்று பெர்சிதா எழுதுவாள். புத்தகத்தில் 'ஈவா பல் விழுந்தது' என்று இருந்தது.

தகப்பன் வருகிற இடங்களில் அவனுக்கு முகமே இல்லை. கோட்டு, தொப்பி, நேரான முதுகு. பேசும்போது கூட முதுகுதான் தெரிகிறது. ஈவா ஒவ்வொரு தடவையும் அவன் திரும்புவான் என்று காத்திருக்கிறாள். திரும்பினால் என்ன இருக்குமோ என்றும் நடுங்குகிறாள்.

பேருந்து வந்து நின்று போன சத்தம் கேட்டது. நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். யார் இறங்கினார்கள் என்று பார்க்கவில்லை.

முடித்தபோது வெளியே இருட்டியிருந்தது. எழுந்து போய் அலுவலகக் காலத்துப் பேனாவையும் கோடு போட்ட காகிதத்தையும் எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். ஸோர்காவும் துன்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

"உன் பத்தியில வாசகர் கடிதம் போடுவியா?"

"நல்லா இருந்தா போடுவேன்."

"படி."

ஸோர்கா ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். துன்யா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

'ஆசிரியருக்கு. நெ. பெர்சிதின் எழுதிய நாவலில் சில பிழைகள் உள்ளன. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளும் பொருட்டு எழுதுகிறேன்.

பக்கம் 112-இல் தகப்பன் இரவில் தனியாகச் சென்று பெயரை வெட்டுகிறான். கிரானைட்டை இரவில் வெட்ட இயலாது. அது ஜூன் மாதம் பகல் பதினோரு மணிக்கு, தேர்ந்த கல்வெட்டுக்காரர் ஒருவரால் செய்யப்பட்டது. எழுத்துகள் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதற்காகவே தகப்பன் உடன் நின்றான்.

பக்கம் 140-இல் தாய்க்கு அடுத்த இடம் தகப்பனுடையது என்று உள்ளது. தவறு. பெயர்கள் கல்லில் உள்ள வரிசை வேறு, மனையில் இடம் உள்ள வரிசை வேறு. தாய்க்கு அடுத்த இடம் மகளுக்கு விடப்பட்டுள்ளது. தகப்பன் வேலி ஓரம். வரைபடம் என்னிடம் உள்ளது. யாரும் வந்து சரிபார்க்கலாம். கல்யாணமாகாத மகள் தகப்பன் வீட்டுக் கல்லில் இருப்பது எங்கள் வழக்கம். அவள் எங்கே இருந்தாலும், யாரோடு வாழ்ந்தாலும், அந்த இடம் வேறு ஒருவருக்கும் தரப்படாது.

பக்கம் 203-இல் மகள் வந்து கதவைத் தட்டுகிறாள், தகப்பன் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை என்று உள்ளது. இது நடக்கவில்லை. யாரும் வந்து தட்டவில்லை. தட்டியிருந்தால் கேட்டிருக்கும். தகப்பனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மற்றபடி மொழி சுத்தமாக இருக்கிறது. தாயின் பெயரை எடுத்துக்கொண்டது பொருத்தம்.

ஒரு வாசகர்.'

ஸோர்கா படித்து முடித்தும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. துன்யா மூக்கை உறிஞ்சினாள்.

"தாத்தா, இனிஷியல் போட மாட்டீங்களா?"

"வேண்டாம்."

"இதுல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன் மாமா" என்றாள் ஸோர்கா. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. பேப்பர் வெள்ளிக்கிழமைதான் வரும்."

"வரட்டும்."

"அவங்க வியாழக்கிழமை வர்றாங்க."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைப் போய் இறக்கவில்லை.

"எங்கே?"

"நூலகத்துக்கு. அஞ்சு மணிக்கு. பிள்ளைகளுக்குப் புத்தகத்தைப் பத்திப் பேசறதுக்கு நான் கூப்பிட்டேன். மூணு தடவை எழுதினதுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு. பேசி முடிச்சதும் ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவாங்களாம்."

"அப்படின்னா ஏன் சொல்ற?"

"மாமனார்கிட்ட சொல்லல. கடிதம் எழுதின வாசகர்கிட்ட சொல்றேன்."

பேனாவின் மூடியைத் தேடி மாட்டினேன். அது மேஜையில் கண்ணெதிரேதான் இருந்தது. கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று.

"அந்தக் கூட்டத்துல" என்றேன், "வாசகர்கள் ஏதாவது கேக்கலாமா?"

"உறுப்பினர் அட்டை இருக்கறவங்க கேக்கலாம்."

"என்கிட்ட இல்லையே."

"திங்கட்கிழமை ஒரு போட்டோ கொண்டுவாங்க. போட்டுத் தர்றேன்."

"திங்கட்கிழமை ப்லாகோயெ வர்றாரு, தாத்தா" என்றாள் துன்யா. "மூணாவது பேரை எடுக்க. நான் கல்லறையில நீங்க பேசினதைக் கேட்டேன்."

"அவனுக்குப் போன் பண்ணு. வர வேண்டாம்னு சொல்லு. எனக்கு நூலகத்துல வேலை இருக்கு."

துன்யா கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் என் அறைக்குப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். சின்ன அளவுப் படம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. ஒருநாள் அந்தக் கல்லில் என் பெயருக்கு மேலே பதிப்பதற்காக எடுத்து வைத்தது. விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கோட்டு, தொப்பி, நேரான முதுகு. முகம் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து யாரும் எதையும் கேட்கத் துணிய மாட்டார்கள்.

"ஸோர்கா" என்று கூப்பிட்டேன். "திங்கட்கிழமை போட்டோ எடுக்கற கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?"